பெண்கள் கால்பந்து 1991-ல்தான் தொடங்கியதா?

#1 நடுக்களம்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெண்கள் கால்பந்தின் வரலாற்றை ஒரு சார்ட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீளமாக ஒரு கோடு போட்டு, முதல் புள்ளியில் 1991 என்று எழுதியிருந்தாள். சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பை, பன்னிரண்டு அணிகள், இறுதி ஆட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்ற அமெரிக்கா, இரண்டு கோலும் மிஷேல் ஏக்கர்ஸ் அடித்தது. எல்லாம் சரிதான்.

"அதுக்கு முன்னாடி யாருமே ஆடலையா அத்தை?" என்று கேட்டாள். ஆடியிருப்பார்கள் என்றேன். எப்போது, எங்கே என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன். 1999 இறுதி ஆட்டத்தின் ஐந்து பெனால்டியையும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் 1991-க்கு முன்னால் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_தாள்

நல்ல கேள்வி. கோட்டை இடது பக்கம் நூறு வருடத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும்.

1881 மே 9, எடின்பரோ, ஈஸ்டர் ரோடு மைதானம். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்று பெயர் வைத்த இரண்டு பெண்கள் அணிகள் மோதின. ஸ்காட்லாந்து 3-0. அதே மாதம் கிளாஸ்கோவில் ஆடியபோது கூட்டம் களத்துக்குள் புகுந்துவிட்டது. குதிரை வண்டியில் ஏறித் தப்பிக்க வேண்டிய நிலை.

அடுத்த முக்கியமான நாள் 1895 மார்ச் 23. லண்டனில் க்ரவுச் எண்ட். பிரிட்டிஷ் லேடீஸ் ஃபுட்பால் கிளப் தன் ஆட்டக்காரர்களையே வடக்கு, தெற்கு என்று பிரித்து ஆடியது. வடக்கு 7-1 என்று ஜெயித்தது. பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். நடத்தியவர் நெட்டி ஹனிபால். அது புனைபெயர் என்றுதான் பலரும் கருதுகிறார்கள். தலைவராக இருந்தவர் லேடி ஃப்ளாரன்ஸ் டிக்ஸி. போர்க்களத்துக்கே போய் நிருபராக வேலை பார்த்தவர். மறுநாள் பத்திரிகைகள் கோலைவிட அவர்கள் போட்டிருந்த உடையைப் பற்றித்தான் அதிகம் எழுதின. சொந்தப் பெயரில் ஆட ஏன் தயங்கினார்கள் என்பது அந்தச் செய்திகளைப் படித்தாலே புரிந்துவிடும்.

#3 வலது_விங்

பத்தாயிரம் பேர் வந்தது வேடிக்கை பார்க்கத்தானே? ஒரு தடவை புதுமைக்காக வருவார்கள், அப்புறம் வர மாட்டார்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு உண்மையிலேயே ரசிகர்கள் இருந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

#4 பழைய_தாள்

1895-ஐப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த கிளப் சில வருடங்களில் கரைந்து போனது. ஆனால் முதல் உலகப் போருக்கு வாருங்கள், கதை வேறு.

ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், குண்டு செய்யும் ஆலைகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். சாப்பாட்டு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். ஆலைக்கு ஒரு அணி உருவானது. இங்கிலாந்தின் வடகிழக்கில் இந்தத் தொழிலாளிகளுக்கு என்றே ஒரு கோப்பை நடந்தது. 1918-ல் அதன் இறுதி ஆட்டத்தில் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் 5-0 என்று ஜெயித்தது.

ப்ரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற ஆலை. அங்கே ஆல்ஃப்ரெட் ஃப்ராங்க்லாண்ட் என்ற அலுவலர் ஒரு பெண்கள் அணியைத் திரட்டினார். 1917 கிறிஸ்துமஸ் அன்று டீப்டேல் மைதானத்தில் முதல் ஆட்டம். காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்காக நிதி திரட்டுவது நோக்கம். பத்தாயிரம் பேர் வந்தார்கள், 4-0 வெற்றி.

இப்போது வலது_விங் கேட்டதற்கு வருகிறேன். போர் முடிந்தது 1918 நவம்பரில். ஆண்கள் கால்பந்து முழு வேகத்தில் திரும்பிவிட்டது. புதுமை என்றால் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். 1920-ல் பிரான்ஸிலிருந்து ஆலிஸ் மிலியா ஒரு அணியை அழைத்து வந்தார், ஊர் ஊராக ஆடினார்கள். அதே வருடம் டிசம்பர் 26, லிவர்பூலில் குடிசன் பார்க். டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே பத்தாயிரத்துக்கும் மேல். அறக்கொடைக்கு 3,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

1921-ல் இந்தப் பெண்கள் ஆடியது 67 ஆட்டம். வாரம் ஒன்றுக்கு மேல் வருகிறது, அதுவும் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே. வேடிக்கைக் கூட்டம் இப்படித் திரும்பத் திரும்ப வருமா, நீங்களே சொல்லுங்கள்.

#5 நடுக்களம்

53,000 பேரா! இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு பெரிய கூட்டம் அப்புறம் எங்கே போனது?

#6 பழைய_தாள்

போக வைத்தார்கள். 1921 டிசம்பர் 5. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக் கூடாது, சங்கத்தில் உள்ள கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக் கூடாது. வசூலில் பெரும்பகுதி செலவுக்கே போகிறது, தர்மத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றும் ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்தார்கள்.

நுணுக்கமாகப் பாருங்கள். ஆடக் கூடாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மைதானத்தைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் 53,000 பேரை வேறு எங்கே உட்கார வைப்பது? பூங்காவிலும் ரக்பி மைதானத்திலும் ஆடலாம். டிக்கெட் வசூல் சரியும், நடுவர் கிடைக்க மாட்டார், பத்திரிகைக்காரர் வர மாட்டார். பத்து வருடத்தில் ஊர் மறந்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1921-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைத்தார்கள். பட்டினி கிடந்த அந்தக் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் சேர்த்தன. போர் வீரர்களுக்காக ஆடியபோது கைதட்டியவர்கள் இதற்குக் கைதட்டவில்லை.

#7 கோல்_காவல்

மைதானத்தைப் பூட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பள்ளியில் எட்டு பேர் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். நான் கோல்கீப்பர். ஆடாதீர்கள் என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பையன்களின் பயிற்சி முடிந்ததும் மைதானம் உங்களுக்கு என்றார்கள். அது முடியும்போது இருட்டிவிடும். மூன்று மாதத்தில் எட்டு பேர் ஐந்தானோம், அப்புறம் இரண்டு. பதினைந்து வயதில் நிறுத்தினேன். எனக்குத்தான் ஆர்வம் போய்விட்டது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_தாள், அந்த டிக் கெர் அணியில் கோல்கீப்பர் யார், அதில் ஆடிய லில்லி பார் எந்த இடத்தில் ஆடினார், அதெல்லாம் சொல்லுங்கள். தீர்மானத்தைவிட ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

#8 பழைய_தாள்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லில்லி பார் இடது விங்கர். 1905-ல் செயின்ட் ஹெலன்ஸில் பிறந்தவர். பதினான்கு வயதில் டிக் கெர் அணிக்கு வந்தார். இடது காலால் அவர் அடிக்கும் பந்தின் வேகத்தை அந்தக் காலத்து ஆண் ஆட்டக்காரர்களே வியந்து பேசியிருக்கிறார்கள். ஒரு மனநல மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினார். தடை வந்தபோது வயது பதினாறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவருடைய ஆட்ட வாழ்க்கையில் முப்பது வருடம் தடைக்குள்தான். இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002-ல் சிறந்த ஆட்டக்காரர்களின் புகழ்ப் பட்டியலில் அவரைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் வந்த முதல் பெண் அவர். 2019-ல் சிலையும் வைத்தார்கள்.

1922-ல் அணி வட அமெரிக்காவுக்குப் போனது. கனடாவில் ஆட அனுமதி மறுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஆண்கள் அணிகளோடே மோதினார்கள். 1926-லிருந்து ப்ரெஸ்டன் லேடீஸ் என்று பெயர் மாறி, 1965 வரை அணி உயிரோடு இருந்தது. புதிதாக வந்து சேர ஆள் இல்லாமல்தான் கடைசியில் கலைந்தது.

#9 வலது_விங்

சரி, கூட்டம் பற்றி நான் நினைத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது ஒரு நாட்டின் கதை. ஒரு சங்கத்தின் தீர்மானம் உலகம் முழுக்க ஆட்டத்தை நிறுத்திவிடுமா?

#10 நடுக்களம்

இரண்டு நாளாக இதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன், அதனால் நானே பதில் சொல்கிறேன். ஒரு தீர்மானம் இல்லை, பல.

பிரேசிலில் 1941-ல் ஒரு அரசாணை. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் பெண்கள் ஈடுபடக் கூடாது என்று. 1965-ல் கால்பந்து என்ற பெயரையே போட்டுத் தடையை இறுக்கினார்கள். 1979-ல்தான் நீங்கியது. மார்த்தா பிறந்தது 1986. உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தவர், பெண்கள் கால்பந்துக்குச் சட்டப்படி தடை இருந்த நாட்டில் அது நீங்கி ஏழு வருடம் கழித்துப் பிறந்திருக்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

மேற்கு ஜெர்மனியில் 1955. பந்துக்காக மோதும்போது பெண்மையின் நளினம் போய்விடும், உடலும் உள்ளமும் கெடும், உடலைக் காட்டுவது ஒழுக்கத்துக்கு ஆகாது என்று சங்கம் காரணம் சொன்னது. மறு வருடமே எஸ்ஸென் நகரில் பெண்கள் நெதர்லாந்து அணியை 2-1 என்று வென்றார்கள். பார்த்தவர்கள் 18,000 பேர். 1970-ல் தடையை எடுத்தபோதும் நிபந்தனைகள் போட்டார்கள். 70 நிமிட ஆட்டம், சிறிய பந்து, ஆணி வைத்த பூட்ஸ் கூடாது. 1989-ல் அதே நாட்டின் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது சங்கம் கொடுத்த பரிசு ஆளுக்கு ஒரு காபி செட்.

#11 கோல்_காவல்

காபி செட்!

#12 செர்வ்_போடு

நான் வாலிபால் ஆள். இந்த இழையில் என் ஆட்டத்தையும் சேர்க்கலாமா? ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வந்த முதல் குழு ஆட்டம் வாலிபால், 1964 டோக்கியோ. தங்கம் ஜப்பானுக்கு. அந்த அணியில் பெரும்பாலானவர்கள் நிச்சிபோ கைசூகா என்ற நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். இங்கேயும் ஆலைதான் பாருங்கள். பகலில் அலுவலக வேலை, சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. தரையில் உருண்டு பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் முறையைப் பயிற்சியாளர் தைமாட்சு அவர்களுக்குப் பழக்கினார். சோவியத் அணியை 3-0 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்துக்கு ஜப்பான் தொலைக்காட்சியில் பதிவான பார்வை விகிதம் 66.8 சதவீதம். அந்தப் பயிற்சி மனிதர்கள் தாங்கக் கூடியதா என்பது தனியாகப் பேச வேண்டியது. இன்று யாராவது அப்படிச் செய்தால் நான் எதிர்ப்பேன்.

என் கேள்வி இதுதான். வாலிபால் 1964, கூடைப்பந்தும் ஹேண்ட்பாலும் 1976, ஹாக்கி 1980. கால்பந்து மட்டும் ஏன் 1996 வரை காத்திருந்தது? நடுவில் வலை இருந்தால் உடல் மோதாது, அதனால் வாலிபாலை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். கூடைப்பந்தும் இதற்குச் சாட்சி. 1892-ல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தபோது களத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மோதலை எடுத்துவிட்டுத்தான் பெண்களிடம் ஆட்டத்தைக் கொடுத்தார்கள்.

#13 மூன்றாம்_ஸ்லிப்

செர்வ்_போடு, நன்றாக யோசித்திருக்கிறீர்கள், ஆனால் நான் மாறுபடுகிறேன். மோதல்தான் பிரச்சினை என்றால் ஹாக்கி எப்படி? மட்டையும் கல் மாதிரி பந்தும் கால்பந்தைவிட ஆபத்தானவை. இங்கிலாந்தில் 1895-லேயே பெண்கள் தங்களுக்கென்று ஹாக்கிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் சங்கம் சேர்த்துக்கொள்ள மறுத்ததால் தனியாக. 1951-லிருந்து நாற்பது வருடம் வெம்ப்ளி மைதானத்தில் பெண்கள் ஹாக்கி நடந்தது. பள்ளி மாணவிகள் பேருந்து பேருந்தாக வந்து அறுபதாயிரம் இருக்கை வரை நிரப்பினார்கள். அதே வெம்ப்ளி, அந்த வருடங்களில் பலவற்றில் பெண்கள் கால்பந்துக்குக் கதவு மூடியிருந்தது!

கிரிக்கெட்டை எடுங்கள். 1745-லேயே சர்ரேயில் இரண்டு கிராமத்துப் பெண்கள் ஆடிய ஆட்டம் பத்திரிகையில் வந்திருக்கிறது. 1934-ல் பிரிஸ்பேனில் முதல் பெண்கள் டெஸ்ட். 1973-ல் பெண்கள் உலகக் கோப்பை நடந்துவிட்டது, ஆண்களுக்கு இரண்டு வருடம் முன்னால். ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட் முன்னின்று நடத்தினார், ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் 40,000 பவுண்டு கொடுத்தார்.

வித்தியாசம் எங்கே என்றால், ஹாக்கியும் கிரிக்கெட்டும் வசதியான வீட்டுப் பெண்கள் தனியார் பள்ளியில் கற்றுக்கொண்ட ஆட்டங்கள். வெம்ப்ளி மாதிரி சில ஆட்டங்களை விட்டால், பெரும்பாலும் டிக்கெட் வசூல் இல்லாமல், ஆண்கள் கண்ணில் படாமல் ஆடினார்கள். கால்பந்து ஆடியவர்கள் ஆலைப் பெண்கள். பணம் வசூலித்தார்கள், ஆண்கள் கூட்டத்தை இழுத்தார்கள், ஆண்கள் ஆட்டத்தின் இடத்திலேயே போய் நின்றார்கள். யாருக்குப் போட்டியாக வந்தார்களோ அவர்கள் கையில்தான் மைதானத்தின் சாவி இருந்தது.

#14 செர்வ்_போடு

வெம்ப்ளி ஹாக்கி எனக்குத் தெரியாது. என் வாதம் அங்கே உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெரன்சனைப் பற்றி நான் எழுதியதையும் திருத்த வேண்டும். அந்தப் பிரித்த களத்தை வெறும் கட்டுப்பாடு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அதன் வழி வந்த ஆறு பேர் கூடைப்பந்து 1993 வரை பள்ளிகளில் நீடித்தது. மூன்று பேர் தாக்குதல், மூன்று பேர் தடுப்பு, நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. சின்னச் சின்ன ஊர்ப் பெண்கள் ஆட்டத்துக்கு மாநிலமே திரளும். 1968 இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்தில் 113-107 என்று முடிந்தது. அதில் ஜெயித்த டெனிஸ் லாங் என்ற பெண்ணை மறு வருடம் ஆண்கள் தொழில்முறை அணி ஒன்று தேர்வுப் பட்டியலில் எடுத்தது, லீக் அதைச் செல்லாது என்றது. பெண்ணுக்கு முழுக்களம் ஆகாது என்ற விதியிலிருந்து பெண்களுக்கே சொந்தமான ஒரு ஆட்டம் வளர்ந்திருக்கிறது. அது நின்றபோது அழுதவர்கள் நிறைய. இதை எந்தப் பக்கம் வைப்பது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#15 மூன்றாம்_ஸ்லிப்

இரண்டு பக்கமும் வையுங்கள். தடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள் இல்லை என்பதும் உண்மை. 1920-களில் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண் உடற்பயிற்சி ஆசிரியைகளே போட்டி ஆட்டத்துக்கு எதிராக நின்றார்கள். பல கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரித்து ஒரு நாள் ஆட வைப்பார்கள், எந்தக் கல்லூரியும் ஜெயிக்காது, தோற்காது. ஆண்கள் விளையாட்டில் புகுந்த பணமும் சூதும் மாணவிகளைத் தொடக் கூடாது என்ற அக்கறை அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஜெயிக்க விரும்பிய பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

அதே காலத்தில் கனடாவில் எட்மன்டன் கிராட்ஸ் என்ற பெண்கள் கூடைப்பந்து அணி 1915 முதல் 1940 வரை 502 ஆட்டம் ஜெயித்து இருபதில் மட்டுமே தோற்றது. அதையும் சார்ட்டில் போடச் சொல்லுங்கள்.

#16 வலது_விங்

இந்த இழையைப் படித்த பிறகு 1971 மெக்சிகோவைத் தேடிப் படித்தேன். இதுவரை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

1970-ல் இத்தாலியிலும் 1971-ல் மெக்சிகோவிலும் பெண்களுக்கு உலகக் கோப்பை நடந்திருக்கிறது. ஃபிஃபா நடத்தவில்லை. தனியார் அமைப்பு, ஒரு மது நிறுவனத்தின் பணம். மெக்சிகோவில் கோல் கம்பத்துக்கு இளஞ்சிவப்புப் பட்டை அடித்தார்கள். அஸ்டெகா மைதானத்தில் இறுதி ஆட்டம், டென்மார்க் 3, மெக்சிகோ 0. மூன்று கோலும் சூசன் அகஸ்டசன் அடித்தது. வயது பதினைந்து. கூட்டம் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

அதே வருடம் ஐரோப்பியச் சங்கங்கள் கூடி, பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்று 31-1 என்ற வாக்கில் முடிவு செய்தன. எதிர்த்தது ஸ்காட்லாந்து மட்டும். 1881-ல் முதல் ஆட்டம் நடந்த நாடு. எனக்குத் தோன்றுவது, அவர்கள் மனம் மாறியதால் மட்டும் கதவு திறக்கவில்லை. வேறு யாரோ அஸ்டெகாவை நிரப்பிக் காட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் ஃபிஃபா இருபது வருடம் எடுத்துக்கொண்டது. 1986 மாநாட்டில் நார்வேயின் எல்லன் வில்லே மேடையேறி, பெண்களுக்கும் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். 1988-ல் சீனாவில் ஒரு வெள்ளோட்டம். 1991-ல் நடத்தியபோதும் உலகக் கோப்பை என்ற பெயரைத் தரத் தயங்கி, ஒரு சாக்லேட் நிறுவனத்தின் பெயரில் நடத்தினார்கள். ஆட்டம் 80 நிமிடம்தான்.

மூன்றாவது பதிவில் நான் கேட்ட கேள்வியை அழிக்காமல் விடுகிறேன். நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள், பதிலும் அதன் கீழேயே இருக்கட்டும்.

#17 கோல்_காவல்

1999 இறுதி ஆட்டத்துக்கு ரோஸ் பௌலில் 90,185 பேர், 2022-ல் பார்சிலோனாவில் 91,648 பேர் என்று படிக்கும்போதெல்லாம் சாதனை என்றுதான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இனியும் சந்தோஷப்படுவேன். ஆனால் அஸ்டெகாவை வைத்துப் பார்த்தால், 1971-ல் விட்ட இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை.

பணத்தையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். 2023 பெண்கள் உலகக் கோப்பையின் பரிசுத் தொகை 11 கோடி டாலர், அதற்கு முந்தைய வருடம் ஆண்களுக்கு 44 கோடி. பெண்கள் ஆட்டம் இன்னும் அவ்வளவு சம்பாதிக்கவில்லையே என்பவர்களிடம் கேட்கிறேன், ஐம்பது வருடம் கடையைப் பூட்டி வைத்தவனிடம் கணக்குக் கேட்பீர்களா, வியாபாரியிடம் கேட்பீர்களா?

#18 நடுக்களம்

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் மகளுக்கு இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். கோட்டை அழித்துவிட்டு 1881-லிருந்து மறுபடி போட்டாள். 1921-க்கும் 1971-க்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் இடம் விட்டிருந்தாள். தடை இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தாளாம்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். தீர்மானம் வந்த அதே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் தொடங்கியது, 1922-ல் அந்தச் சங்கத்தின் கோப்பையை ஸ்டோக் அணி வென்றது, லில்லி பார் 1951 வரை, எஸ்ஸென் 1956, ப்ரெஸ்டன் 1965 வரை, இத்தாலி 1970. எட்மன்டனையும் டோக்கியோவையும் வேறு நிறத்தில் எழுதினாள். இடம் போதாமல் அந்த ஒரு சாணுக்கு மட்டும் கீழே இன்னொரு தாளை ஒட்டியிருக்கிறாள்.

கோல்_காவல் அக்கா, டிக் கெர் அணியின் கோல்கீப்பர் யார் என்று நீங்கள் கேட்டதை அவள் விடவில்லை. அந்தத் தாளில் ஒரு மூலையைக் காலியாக வைத்துவிட்டு, பழைய_தாள் அங்கிள் எப்போது எழுதுவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.